தீவில் வாசலை மறித்த உன் அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நாலு மாதமாக இந்த வரியைப் பாதி உண்மையும் பாதி ஒப்புக்குமாகத்தான் உன்னிடம் சொல்லிவந்தேன், இன்றைக்கு முழுசாகவே எழுதுகிறேன். நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து அப்பா, பிள்ளை மெலிந்துவிட்டான் என்றார். நான் பார்த்தது உன் ஷூவை. வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்துவிட்டது. உடனே மாற்று, இல்லாவிட்டால் வருஷம் திரும்புவதற்குள் முழங்கால் பேச ஆரம்பிக்கும். செருப்புக் கடைக்காரி பெற்ற பிள்ளை தேய்ந்த ஷூவோடு போட்டோவில் நின்றால் கேவலம் எனக்குத்தான். எல்லாவற்றையும் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "அது அப்படியில்ல, இப்படி" என்று திருத்திக்கொண்டே இருப்பார், நான் சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். அதனால்தான் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த இரண்டாம் மாதமே டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது, நடங்கள், கடைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இவர் வாசல்படியைத் தாண்டவில்லை, அது உனக்கும் தெரியும். எந்த அளவுக்கு என்பதை நான் சொல்லவில்லை, நீ பயந்துகொள்வாய் என்று மறைத்தேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. படுக்கையிலிருந்து கூடத்துக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். இன்னொரு கையில் அந்த நீல ஜிப் பை. மாத்திரை, பிரஷர் பார்க்கிற மிஷின், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள். குளிக்கப் போகும்போதுகூடக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் போவார். வாசல் வரைக்கும் வருவார், வெளியே வெயிலைப் பார்ப்பார், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி எண்ணுவார், திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு ஆளின் காலைப் பார்த்தே சைஸ் சொல்கிற மனுஷன், வந்தவர்கள் காலைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த நேரத்தில் நீ வேறு, கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள், அடுத்த மாதம் வந்து கூட்டிப் போகிறேன் என்று எழுதிவிட்டாய். பெற்றவர்கள் மேல் இருக்கிற அக்கறையில் எழுதினாய், குற்றம் சொல்லவில்லை. அதை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரிதானோ?" என்றார். அந்தச் "சரிதானோ"வைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வாசலைத் தாண்டப் பயந்துகொண்டு நாட்டைத் தாண்டப் பார்க்கிறாரே என்று. உன் வீட்டுக்கு வந்தாலும் அங்கேயும் ஒரு சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பார். நீ வருவதற்குள் இவரைத் தன் காலால் வெளியே வரவைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கெஞ்சினால் வரமாட்டார், அழுதால் தானும் கூடவே உட்கார்ந்து அழுவார். வியாபாரம் என்றால்தான் அசைவார். தீவுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற சுற்றுலாப் படகு ஒன்று இருக்கிறதல்லவா, அதன் கேப்டன் நம் கடைக்கு வருகிறவர். இவரிடம் போய், கேப்டன் பயணிகளுக்கு நாற்பது ஜோடி வழுக்காத செருப்பு கேட்கிறார், ஈரப் பலகையில் எந்த அடிப்பாகம் நிற்கும் என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும், எனக்கு அந்த ஞானம் கிடையாது, தப்பான சரக்கைக் கொடுத்தால் விழுகிறவன் நம் பெயரைச் சொல்லித்தான் விழுவான் என்றேன். அத்தனையும் பொய். இரண்டு நாள் யோசித்துவிட்டு, டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படகில் ஏறியதும் முதல் வேலையாகக் கேப்டனிடம் போய், "நாப்பது ஜோடியும் ஒரே சைஸ்ல வேணுமா, கலந்து வேணுமா?" என்று கேட்டார். கேப்டன் முழித்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டினேன். கேப்டனும் வியாபாரி அல்லவா, ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டு, "கலந்துதான் சார், நீங்களே பாத்து எழுதிக் கொடுங்க" என்றார். வெறுங்காலோடு நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு. டிக்கெட்டில் ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார், சரி, அப்படியானால் நிழல் பக்கத்து இருக்கையாவது கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

கடல் அன்றைக்கு நல்லபடியாக இருந்தது. படகுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆமை தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, இந்தக் கூட்டத்தோடு நமக்கென்ன என்பதுபோல உள்ளே போய்விட்டது. பறக்கும் மீன்கள் விசிறிக்கொண்டு போயின. எல்லாரும் எழுந்து ஆ ஊ என்று கத்துகிறார்கள், இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நாடி எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிக் கடலிலேயே மனசு விட்டுப்போயிற்று. தீவில் இறங்கினோம். மரத்தாலான படகுத்துறை, அது கரையைத் தொடுகிற இடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு கம்பங்கள், அதைத் தாண்டி மணல், அப்புறம் காடு. கூட வந்த வழிகாட்டிப் பெண், "குரங்குங்க ஜாஸ்தி, திங்கிற சாமான வெளிய வைக்காதீங்க, உடும்பு வந்தா ஓடாதீங்க, அது பாட்டுக்குப் போகும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு உடும்பு வந்தது, என் நீளம் இருக்கும், வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்த சொந்தக்காரனைப் போல எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்று.

மணலில் சங்கைச் சுமந்துகொண்டு சின்னச் சின்ன நண்டுகள் ஊர்ந்தன. இவை பிறர் விட்டுப்போன சங்குக்குள் குடியிருக்குமாம், வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளுமாம். மற்றவர்கள் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அப்பா குனிந்து ஒரு நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு இறுக்கிப் புடிக்குது. ஒரு சைஸ் கூட்டிக் குடுக்கணும்" என்றார். தம்பி, நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் தொழில் பேச்சு அது. தேடி ஒரு காலிச் சங்கை எடுத்து வந்து அதற்கு முன்னால் வைத்தார். நண்டு வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தது, சுற்றிப் பார்த்தது, சட்டென்று மாறி உட்கார்ந்தது, இரண்டடி நடந்தது, திரும்பி வந்து பழைய சங்குக்குள்ளேயே புகுந்துகொண்டது. "போட்டுப் பாத்துட்டு வேணாம்னு போற கிராக்கி" என்றார் உன் அப்பா. மேலும் மூன்று சங்கு எடுத்துப் போட்டார். நீலப் பையை மர நிழலில் கிடந்த பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் சங்கு தேடப் போனார் என்பதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

இப்போது மருமகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நீயே படித்துக் காட்டு, உனக்குத் தெரிந்ததுதான். நம் கடையில் கண்ணாடி அலமாரியில் வலது கால் மட்டும்தான் வைப்போம், இடது கால் உள்ளே இருக்கும். இரண்டையும் எடுத்துப் போட்டுக் காட்டும்போது யாராவது காசு கொடுக்காமல் அப்படியே நழுவப் பார்த்தால், கல்லாவிலிருந்து நான் "இடது கால் கேக்குறாங்க" என்று குரல் கொடுப்பேன். திருடன் என்று கத்தினால் கடை பெயர் கெடும், அப்பாவி மாட்டினால் அசிங்கம். அந்தக் குரல் கேட்டதும் அப்பா எதைக் கையில் வைத்திருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் முறை. நான் திரும்பிப் பார்க்கிறேன், தாட்டியான குரங்கு ஒன்று பெஞ்சில் உட்கார்ந்து நீலப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருக்கிறது. குரங்கு என்று கத்தலாம், பை என்று கத்தலாம், என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "இடது கால் கேக்குறாங்க!" அடித்தொண்டையிலிருந்து வந்தது. கூட வந்தவர்கள் எல்லாரும் தங்கள் இடது காலைப் பார்த்தார்கள். பெரிய தொப்பி போட்ட ஒருத்தர் காலடியில் பாம்பு என்று நினைத்துப் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். உன் அப்பா சங்கைக் கீழே போட்டார், திரும்பினார், ஓடினார். குரங்கைப் பார்த்து ஓடவில்லை, தம்பி. குரங்கு வலப்பக்கத்து மரத்தில் ஏறுகிறது, இவர் இடப்பக்கம் படகுத்துறையை நோக்கி ஓடுகிறார், அந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போய்க் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து வந்த கேப்டன், "என்ன சார், வழி விடுங்க" என்றார். "ஒருத்தரும் தாண்டக் கூடாது" என்றார் இவர். "நான் உள்ள வரணும் சார்." "உள்ளயும் கிடையாது." நான் பின்னாலேயே ஓடினேன், என் உயிர் என்னிடம் இல்லை. மணலில் எழுபது தப்படி, அப்புறம் அளந்து பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறது, முகம் சிவந்திருக்கிறது. என் நாக்கே இந்த மனுஷனை முடித்துவிட்டதோ, பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்று அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். "உக்காருங்க, உக்காருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், விரித்த கையைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். மேலே குரங்கு பிரஷர் மிஷினின் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்து மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "அது வாசல் வழியா போவுமாடி?" என்றார். அப்புறம் சிரித்தார் பார், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேப்டன் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தொப்பிக்காரர் மட்டும் பெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. குரங்கு சீட்டைத் தின்றுவிட்டு மிஷினைக் கீழே போட்டது, அது இரண்டாக உடைந்தது. மாத்திரை? ஒரே இடத்திலா சரக்கை வைப்பேன்? என் கைப்பையில் ஒரு அட்டை இருந்தது, மதிய மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நிழலில் உட்காரவைத்தேன். மணிக்கட்டுக்கு விரலைக் கொண்டுபோனார், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு, "பசிக்குது" என்றார். இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். எல்லாம் சரி, ஆனால் குரங்கைத் துரத்துகிற வேலையைத் தினமும் செய்ய வேண்டாம் என்றார்.

திரும்பும்போது இவர் நிழல் பக்கம் உட்காரவில்லை, முன்னால் போய் நின்றார். டால்பின்கள் ஏழெட்டு படகோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஒரு அலை அடித்துச் சட்டையெல்லாம் நனைந்தது. பலகையில் காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்ன ஆர்டர் பொய்னு ஏறும்போதே தெரியும். ஆனா இந்தப் பலகைக்கு நிஜமாவே செருப்பு வேணும், எவனாவது விழப்போறான்" என்றார். இறங்குகிற இடத்தில் கேப்டனின் காலைக் குனிந்துகூடப் பார்க்காமல் "உங்களுக்கு ஒம்போது" என்றார். சரியாக ஒன்பதுதான்.

அதற்கு மூன்றாம் நாள், நான் கடை திறக்கக் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும். கடைக்குள் நுழைந்ததும், பிள்ளைகள் செருப்பை எவன் இவ்வளவு உயரத்தில் வைத்தது என்று விற்பனைப் பெண்ணையும் என்னையும் சேர்த்துத் திட்டினார். நாலு மாதம் நான் ஒண்டியாக நடத்திய கடை, ஒரு வார்த்தை நன்றி கிடையாது. சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அரைநாள் வருகிறார், சுவரைத் தொடாமல்.

இந்த நிமிஷம் அவர் கடையில் இல்லை. அட்டைப்பெட்டி செய்கிறவரைப் பார்க்க நாலு மணிக்குத் தனியாகப் போனார். ஸ்டென்ட் வைத்த பிறகு தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. அரை மணியில் வருகிறேன் என்றார், இப்போது ஐந்தேகால். போனை இரண்டு தடவை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். விற்பனைப் பெண், "நான் போய்ப் பாத்துட்டு வரவாம்மா?" என்றாள், "உக்காருடி" என்று அதட்டினேன். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே நீ அடுத்த மாதம் டிக்கெட் போடாதே. உனக்கு லீவு கிடைக்கும்போது இரண்டு பேரும் சாவகாசமாக வாருங்கள், கூட்டிப்போக வேண்டாம், வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, போன் பண்ணினால் அவரிடம் மாத்திரை போட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்று ஆரம்பிக்காதே. அதை என்னிடம் கேள். அவரிடம் இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேள்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் கோணாமல், நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். மருமகளைக் கேட்டதாகச் சொல். ஷூவை மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா

பி.கு.: ஐந்தரைக்கு வந்து சேர்ந்தார். அட்டை மெல்லிசாக இருக்கிறதென்று பெட்டிக்காரரோடு ஒரு மணி நேரம் சண்டையாம். பாதிதான் முடிந்ததாம், நாளைக்கும் போகிறாராம்.