மின்னும் பிஸ்டன்

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் அப்ஹம், வேலைக்குப் புறப்படுமுன் தங்கையின் சாத்திய கதவடியில் வைக்கச் சீட்டு எழுதினான்.

“மஸீஹா, இடியப்பம் மூடி வெச்சிருக்கன், சாப்பிடு. நீ எண்ணெய் பத்தாம ஓட்டித்தான் ஒன்ட குட்டி விமானத்து இஞ்சினுக்குள்ள கோடு விழுந்திச்சு எண்டு நேத்து ஏசிட்டன். பொறகு ஒன்ட விமானக் கிளப் ஆக்களிட்ட கேட்டன். பிஸ்டன் ஏறி இறங்கினா மெல்லிய கோடும் எண்ணெய்க் கறையும் எந்த இஞ்சின்லயும் வருமாம். ஒன்ட பிழை இல்ல. வீட்டுச் சாவி ஜன்னல்ல இருக்கு.”

எழுதி முடித்தும் கால் நகரவில்லை. கல்லில் கீறலைக் கண்டால் அவன் கை சும்மா இருந்ததில்லை. அடியில் நெருக்கி எழுதினான்:

“கேக்கிறதுக்கு முந்தியே அந்தக் கோடெல்லாம் தேச்சு எடுத்துட்டன். பிஸ்டன் நல்ல கல்லு மாதிரி மின்னுது. ஆனா தேச்சதில பிஸ்டன் மெலிஞ்சு காத்து ஒழுகுது, முன் விசிறியச் சுத்தினா இறுக்கமே இல்ல. ஒன்ட விமானம் இனி எழும்பாது, தங்கச்சி.”