ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி

2025 மார்ச் 3
டொரொண்டோவிலிருந்து ஜனகன் அனுப்பிய வாட்ச் வந்துவிட்டது. நான் எத்தனை அடி நடக்கிறேன், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் அவனுடைய போனில் தெரியுமாம். பெற்ற மகனுக்கு என் வார்த்தையில் நம்பிக்கை இல்லை. சரி, ரத்தத்தில் சீனி 240 என்பதை மறைத்தவள்தானே நான். தினம் ஆறாயிரம் அடி, மூன்று மாதம், ஒரு நாளும் தவறக்கூடாது. அப்போதுதான் டிக்கெட். பேத்திக்கு இரண்டு வயது, இன்னும் நான் தூக்கவில்லை.

மார்ச் 5
1,140.

மார்ச் 6
வாவிக்கரையைச் சுற்றி நடக்கப் போனேன். பாதியில் முழங்கால் பிடித்துக்கொண்டது, த்ரீவீலரில் வந்தேன். ஜனகன் போனில், "இப்படியே இருந்தா நீங்க பாப்பாவப் பாக்க வரமாட்டீங்கம்மா. பாப்பாதான் ஒங்க சாவுக்கு வரணும்" என்றான். வைத்த பிறகு அழுதேன்.

மார்ச் 8
ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. வேலைக்கு வரும் பேச்சியம்மா கடைக்கு, குப்பைக்கு என்று நாள் முழுக்க ஏறி இறங்குகிறாள். இன்று வாட்ச்சை அவள் கையில் கட்டிவிட்டேன். புதுசு, கட்டிப் பழக்கணும் என்றேன். "மணி பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா இது" என்று சிரித்தாள். போகும்போது கழற்றி நான் கட்டிக்கொண்டேன். 9,310. ஜனகன் கைதட்டும் படம் அனுப்பினான், மூன்று மாதக் கணக்கு இன்றிலிருந்துதானாம்.

ஏப்ரல் 2
இருபத்தாறு நாள், ஒன்றும் தவறவில்லை. ஆனால் பேச்சியம்மாவின் நடை குறைந்துவிட்டது. இன்று 5,400-இல் நின்றாள். தேங்காய் இல்லை என்று மறுபடி கடைக்கு அனுப்பினேன். மூன்று தேங்காய் இருந்தது, காலையில் அவளே வாங்கி வைத்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 20
ஜனகன் பதறிப்போய் போன் எடுத்தான். என் துடிப்பு ஒழுங்கில்லையாம். பகலில் மட்டும்.
பகலில் மட்டும் — என் துடிப்பா அது?

ஏப்ரல் 21
ஈசிஜி எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வேறு யாருக்காவது இப்படிக் காட்டினால் என்று கேட்டேன். தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நாளைக்குச் சொல்லணும்.

ஏப்ரல் 22
சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பாள். தன் மகள் சிந்துஜாவிடம் சொல்வாள். சிந்துஜா பேஸ்புக்கில் ஜனகனோடு பேசுகிறவள். இன்னும் ஒன்றரை மாதம்தானே, முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போவேன். ஜனகனிடம் வாட்ச்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

மே 15
ஐம்பத்தெட்டாவது படியில். காய்கறிப் பையோடு உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ரபீகா ஓடி வந்து தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். சிந்துஜா வருவதற்குள் வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். சூடு இருந்தது. நானா இதைச் செய்தேன்? நான்தான் செஞ்சேன்.

மாலையில் ஜனகன் கேட்டான்: "பகல்ல கழட்டி வச்சிருந்தீங்களாம்மா? அடி குறையுதே."

3,050. மீதியைக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே நடந்தேன். முழங்கால் தாங்கியது.

மே 19
பாப்பம்மா வேலைக்கு வந்தாள். முப்பத்தொரு வயது. நான்கு நாள் நானே நடந்துவிட்டேன், போதும்.

ஜூன் 7
கடைசி நாள். டிக்கெட் போட்டாயிற்று என்று ஜனகன் போன் எடுத்தான். "பாத்தீங்களாம்மா, நடக்க நடக்க ஒங்க துடிப்பே சரியாயிருச்சு."

இன்னும் எண்ணூறு அடி இருக்கிறது. பாப்பம்மாவைத் தேங்காய்க்கு அனுப்பியிருக்கிறேன்.