குளவிக்கூட்டின் கீழ்

மச்சான்,

கொக்குவிலில் எங்கள் மதிலுக்கு அப்பால் யாரோ ஈரச் சருகு கொளுத்துகிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிவிட்டேன். மனைவி வந்து யன்னலைச் சாத்தினாள். இன்றைக்கு உனக்கு எழுதாமல் இருக்க முடியாது.

அது ஐப்பசி மாதத்து ஒரு சனி, ஞாயிறு. நீ, நான், வான் ஓட்டிவந்த நியாஸ். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூவர். மாத்தளைக்கு அப்பால் மலையேறிக் கூடாரத்தில் தங்கவேண்டுமென்று வருடக்கணக்காகக் கதைத்தது அன்றுதான் நடந்தது. மூவருமே மலையில்லாத ஊரில் வளர்ந்தவர்கள்; எனக்கும் நியாஸுக்கும் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. நீ மட்டும் புத்தூர்த் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த உடம்போடு முன்னால் போனாய். கூடாரம் அடிக்கும்போது, தள்ளி நின்ற பெரிய மரமொன்றைக் காட்டினாய்.

"மேலை பார், குளவிக்கூடு. உதுக்குக் கீழை ஒருத்தரும் நெருப்பு மூட்டக்கூடாது."

"ஓமடா," என்றேன்.

விடிந்தபோது எங்கும் ஈரம். நீங்கள் இருவரும் முகம் கழுவ ஓடைக்குப் போயிருந்தீர்கள். தேத்தண்ணி வைக்க இடம் பார்த்தேன். அந்த மரத்தடி மட்டும் காய்ந்து கிடந்தது. ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். ஈர விறகு எரியாமல் புகைந்தது. புகை நேரே மேலே போனது.

முதல் கொட்டு கழுத்தில். பழுக்கக் காய்ச்சிய கம்பி இறங்கியது போல. பிறகு காது, கண்ணிமை, சேட்டுக்குள்ளே முதுகில். கத்த வாயைத் திறந்தேன், நாக்கில் கொட்டியது. ஓடினேன். கல்லில் தடுக்கி விழுந்து, முழங்கால் பிளந்து, எழும்ப முடியாமல் உருண்டேன்.

நியாஸ் ஓடைக்குள் அமிழ்ந்துவிட்டான். நீயும் அமிழ்ந்திருக்கலாம். நீ ஓடிவந்து, கூடாரத்துத் தறப்பாளைப் பிய்த்து என்மேல் எறிந்து, விளிம்புகளை அமத்திக்கொண்டு அதன்மேலே விழுந்தாய். பயத்தில் நான் உன்னை உதைத்தேன்.

"அசையாதை! அசைஞ்சியெண்டா நானே உன்னைக் கொல்லுவன்!"

மேலே அடைமழை போல இரைச்சல். நீ தூஷணத்தில் ஏசினாய். பிறகு முனகினாய். பிறகு பாரமாக மட்டும் கிடந்தாய்.

நானும் நியாஸும் உன்னை மாறி மாறிச் சுமந்து இறங்கினோம். உன் முகம் உன் முகமாக இல்லை. கீழே தேயிலைத் தோட்டச் சனங்கள் லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வருமுன் உன் மூச்சு நின்றுவிட்டது. நியாஸ் லொறிப் பலகையில் தலையை முட்டி முட்டி அழுதான். என்னைப் பார்க்கவேயில்லை.

கூட்டாளியைக் காப்பாற்றிச் செத்தவன் என்று புத்தூர் முழுக்க உன்னைப் பற்றிக் கதைத்தார்கள். குளவி ஏன் கலைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மறுநாள், வெங்காயத் தோட்டத்தில் நின்ற உன் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, நெருப்பு மூட்டினது நான். அவன் வேண்டாமெண்டு சொன்னவன்."

அறைந்தார். திரும்பவும் அறைந்தார். விழுந்த என்னை மண்வெட்டிப் பிடியால் முதுகில் அடித்தார். நான் கை உயர்த்தவில்லை. களைத்துப்போய் வரம்பில் இருந்தார்.

"உதைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை," என்றார். 'உன் அம்மா' என்று, உன் அம்மாவை என் அம்மாவாக்கித்தான் சொன்னார். "உன்னைக் காப்பாத்தினவன் எண்ட நினைப்பிலைதான் அவள் ஒரு வாய் சோறு தின்னுறாள்."

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா என்னை உன் கதிரையில் இருத்திச் சோறு போடுகிறார்.

"வடிவாச் சாப்பிடு ராசா. நீயாவது இருக்கிறாய்."

எதிரே இருக்கும் ஐயா தலை நிமிர்வதில்லை. நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.