அண்ணை சொன்ன கனடா

மார்ச் 3, செவ்வாய்
மழை. பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் ரயில் தாமதம். திரான்சியில் உள்ள ஜன்னல் பட்டறைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். முதலாளி பார்க்கவில்லை.

வெள்ளி நேர்முகம். கனடாவின் கியூபெக்கில் அலுமினியத் தொழிற்சாலை, வெல்டிங் வேலை. ஆள் எடுக்கப் பாரிசுக்கே வருகிறார்கள். "எங்கள் மாகாணத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று கட்டாயம் கேட்பார்களாம். பன்னிரண்டு வருடமாக அலுமினிய ஜன்னல் சட்டம்தான் வெல்டிங்கில் ஒட்டுகிறேன். இனிப் பெரிதாக எதையாவது ஒட்ட வேண்டும். சரியான ஆசை. வெளியே சொல்லவில்லை.

ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கும் அண்ணைக்குப் போன்.
வாங்க: முருங்கைக்காய், இடியப்ப மா, மகள் அபிக்குப் பள்ளிக் கொப்பி.

மார்ச் 4, புதன்
அண்ணையின் குரல் பதிவுகள், ஒன்பது. "பிள்ளை, வடிவா எழுது. முதலாவது கார் தொழிற்சாலையள். பிறகு நிக்கல், உருக்கு, பாங்குகள். கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளை தக்காளி. இதுதான் கனடா." இருபது வருடம் அங்கே இருப்பவர். அவருக்குத் தெரியாததா.

மகள் அபி கேள்வி கேட்க, நான் சமைத்தபடி பதில். இவர்: "நிக்கல் நிக்கல் எண்டு உப்பை ரெண்டு தரம் போட்டிட்டாய்." உண்மைதான். ஆனாலும் சாப்பிட்டார்.

மார்ச் 6, வெள்ளி
வெயில். ஹோட்டல் அறையில் இரண்டு பேர்: நரைமுடி அம்மா, ஒரு பொறியியலாளர். அந்தக் கேள்வி வந்தது. ஒரே மூச்சில் தக்காளி வரை சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்தார். "அருமை மேடம். ஆனால் அது ஒன்ராறியோ. பக்கத்து மாகாணம்."

காது சுட்டது. எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால் அந்த ஒன்ராறியோவின் ரொறன்ரோதான். அண்ணையைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"எங்களைப் பற்றி எதுவுமே தெரியாதா?"

அலுமினிய விலை ஏறும்போதெல்லாம் பட்டறை முதலாளி மின்சாரச் செலவுதான் காரணம் என்று புலம்புவது நினைவு வந்தது. "உங்களிடம் பெரிய ஆறுகள். ஆற்றிலிருந்து மின்சாரம். அலுமினியத்துக்கு அதுதான் சாப்பாடு. அதனால் அங்கே உருவாக்குகிறீர்கள். அதை ஒட்ட எனக்குத் தெரியும்." கைப்பையிலிருந்து ஓர் அலுமினியத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஜன்னல் மூலை, நேற்று ஒட்டியது. பொறியியலாளர் ஒட்டின இடத்தின் மேல் விரலை ஓட்டினார். திருப்பினார். மறுபடி ஓட்டினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் அழுகையும்.

மார்ச் 7, சனி
கியூபெக் வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். வேலை கிடைக்காவிட்டாலும் இருக்கட்டும். எவ்வளவு பெரிய இடம்.

மார்ச் 10, செவ்வாய்
வேலை கிடைத்தது. வேலை கிடைத்தது.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கக் காரணமில்லாமல் நடந்தேன். லட்டு, ஒரு கிலோ. அபி பிரெஞ்சில் கேட்டாள்: அங்கே பனி எத்தனை மாதம்? இவர் அலுமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார்.

அண்ணை போன் எடுத்தார். சந்தோசம்தான், ஆனால் குரலில் இழுவை. "கியூபெக்கோ? அங்கை என்ன பிள்ளை கிடக்கு?"

கதிரையை வரைபடத்துக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"வடிவா எழுதுங்கோ அண்ணை. முதலாவது ஆறுகள்."