மிரட்டலுக்கு மறுநாள் நீ நடத்திய வகுப்பு

யாங்கூனின் பசுந்தாங் பகுதியில் நான் டியூஷன் நடத்தும் அறையின் சுவர் இந்த மழைக்கு மறுபடி ஊறிவிட்டது. இன்று காலை கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பும் நனைந்த நோட்டுப் புத்தகங்களும் கலந்த வாடை அடித்தது. அமெரிக்காவில் உன் கல்லூரியிலும் இதே வாடைதான் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது.

நாம் இருவரும் யாங்கூனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தவர்கள். நான் இங்கேயே தங்கிவிட்டேன். நீ அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கினாய். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. அதை விட்டுவிட்டு, தெற்கே ஒரு சிற்றூரில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய பழைய கல்லூரியில் சேர்ந்தாய். போனில் உன்னைத் திட்டினேன்.

"பைத்தியமாடி நீ? நல்ல எடம் கூப்புடுது, அதப் போயி வேணாங்கறியே."

"கோவப்படாம கேளு," என்றாய். "இவங்க எழுதப் படிக்கவே கூடாதுன்னு இருந்திருக்கு. அடிமைத்தனம் போனதும் மொத வேலையா இந்தக் காலேஜக் கட்டியிருக்காங்க. செங்கல்லு கூட அவங்களே அறுத்துச் சுட்டது. ஒரு கல்லுல சின்னப் பிள்ளையோட வெரல் பதிஞ்சிருக்கு. நான் என் வெரல வெச்சுப் பாத்தேன்."

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் தாத்தாக்கள் சேர்ந்து கட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடம், நாம் பிறப்பதற்கு முன்பே அரசு எடுத்துக்கொண்டு கையை விட்டுப் போயிருந்தது. அதைத்தான் இருவரும் அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வந்த வருடங்களில் உன்னிடமிருந்து நல்ல செய்தி அதிகம் வரவில்லை. அரசு தரவேண்டிய பங்கு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் புதுக் கட்டடம் எழுந்தபோது, உன் ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகியது. உதவித்தொகை வராமல் பிள்ளைகள் பாதிப் படிப்பில் ஊருக்குத் திரும்பினார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக விலக, மூன்று பேர் எடுத்த பாடங்களை நீ ஒருத்தியே எடுத்தாய். கல்லூரியின் அங்கீகாரமே நிலைக்குமா என்று ஒரு கடிதமும் வந்திருந்தது.

அப்போதுதான் அந்த மிரட்டல் வந்தது. வளாகத்தில் குண்டு வைத்திருப்பதாக யாரோ போனில் சொல்ல, எல்லாரையும் வெளியேற்றி நாள் முழுக்கத் தேடினார்கள். எதுவும் இல்லை. மறுநாள் உனக்கு மாலை, எனக்குக் காலை. நீயே கூப்பிட்டாய். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"யாரும் வரமாட்டாங்கன்னுதான் போனேன்," என்றாய். "ஒரு நாற்காலி காலியில்லடி. கடைசி வரிசையில ஒரு அம்மா உக்காந்திருந்துச்சு. ஆஸ்பத்திரில துணி தொவைக்கற அம்மா. எம்பொண்ணு இருக்கற எடத்துல நானும் இருந்துக்கறேன்னு சொல்லிருச்சு."

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்யறது. அமிலம், காரம். அன்னைக்கு அந்தப் பாடந்தான். அந்த அம்மாவும் நோட்டுல எழுதிக்கிச்சு."

அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும்போல் இருக்கிறது.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஊருக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். "பதினோரு பேரு இந்த வருசம் முடிக்கறாங்க. அவங்க முடிக்கட்டும்," என்றாய். பதினோரு பேரும் முடித்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பட்டமளிப்பைப் பார்த்தாய். மூன்று வாரம் கழித்துப் போய்விட்டாய்.

அங்கீகாரத்தைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகு வந்தது. கல்லூரியை மூடவில்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பார்களாம். உன் மாணவி ஒருத்தி வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் அவள்தான் பாடம் நடத்துகிறாள். "கூரை இன்னும் ஒழுகுதா?" என்று கேட்டேன். ஒழுகுகிறது என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்க அவர்களால் எப்படி முடிகிறது என்று அன்று முழுக்க வியந்துகொண்டே இருந்தேன்.

இந்த மழையோடு டியூஷனை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். பாதிப் பிள்ளைகள் பாங்காக் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் வந்தால் வரும். மீதி நான்கு பேர். அதில் ஒருத்தி ஆற்றுக்கு அப்பால் தன்லியினிலிருந்து பாலம் தாண்டி இரண்டு பஸ் மாறி வருகிறாள். டீச்சரைப் பர்மிய வழக்கப்படி ஸயாமா என்றே கூப்பிடும் அவளுடைய அப்பா நேற்று போன் செய்தார்.

"ஸயாமா, நாலு பேருக்காக க்ளாஸ் வெப்பீங்களா? இல்லன்னா புள்ளய வேற எதுக்காச்சும் அனுப்பணும்."

"ரெண்டு பேரு வந்தாலும் வெப்பேன். அனுப்புங்க," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அது உனக்குத் தெரியும்.