அறுபத்தொரு மணி நேரம்

ஜூலை 6, ஞாயிறு

பரணைத் துடைத்தபோது நிலவனின் கேம் பெட்டி கையில் அகப்பட்டது. மலையில், எஸ்டேட் குவார்ட்டர்ஸில் கரண்டு நிற்காது என்று தம்பி அதை என் வீட்டு டிவியில்தான் மாட்டி வைத்திருந்தான். மாதம் இரண்டு தடவை போடிக்கு இறங்குவான், ஆடுவான், தின்பான், போவான். அவன் வந்து பதினைந்து மாதம் ஆகிறது. போனும் பண்ணுவதில்லை.

"சும்மா கெடக்குறதுக்கு வித்துருவமா?" என்றார் முத்துக்கண்ணன். என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் விற்கத்தான் தோன்றும். எந்தம்பி சாமான்ல கைய வச்சுப் பாருங்க என்றேன்.

ஜூலை 8

பாப்பாவுக்கு ஆகஸ்ட் 31 அன்று காதுகுத்து. முடிவாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நிலவன் ஒருவன்தான். அவன் வராவிட்டால் யார் மடி? ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள் இவர் வீட்டில்.

ஜூலை 13, ஞாயிறு

அந்த நாளை இதுவரை எழுதவே இல்லை. போன வருஷம் சித்திரை, எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சு. தெருமுனையில் ஃப்ளெக்ஸ். இவருடைய பங்காளிகள் பதினோரு பேரும் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார்கள். நிலவன் படமும் இல்லை, பேரும் இல்லை. அடியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று ஒரு வரி.

சீர்த்தட்டோடு வந்தவன் அதன் முன்னால் நின்றுவிட்டான். "அக்கா, நான் இந்த 'மற்றும்'ல வர்ற ஆளா?" என்று கேட்டான். நானாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால், "ஒரு ஃப்ளெக்ஸுக்குப் போயி இந்த ஆட்டம் ஆடுறியே" என்றேன். தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். ஒரு வாய் சாப்பிடவில்லை. மாமாதான் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பது அவன் நினைப்பு.

ஜூலை 20, ஞாயிறு

பாப்பா தூங்கிய நேரத்தில் பெட்டியை மாட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. சாமுராய் விளையாட்டு. ஜப்பான்காரர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் நிலவனுக்கு உயிர். லேப்டாப்பில் போட்டு என்னையும் பிடித்து உட்கார வைப்பான். இதையும் கறுப்பு வெள்ளையிலேயே ஆடலாம். ஒரு ஆற்றங்கரை, மழை கொட்டுகிறது, புல் காற்றில் படுத்து எழுகிறது. கூடையைக் கவிழ்த்த மாதிரி தொப்பியோடு ஒருவன் பேசாமல் நிற்கிறான். எதிரில் ஐந்து பேர். அவர்களும் நிற்கிறார்கள். 'அடிச்சுத் தொலைங்கடா' என்று நானே கத்திவிட்டேன்.

நிலவன் அறுபத்தொரு மணி நேரம் ஆடி வைத்திருப்பதாகக் காட்டியது. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏதோ கேட்டது, அமுக்கினேன். ஒன்பது தடவை செத்தேன்.

ஜூலை 24

பதினாலு தடவை.

ஜூலை 27, ஞாயிறு

அய்யோ. நிலவனுடைய அறுபத்தொரு மணி நேரத்தைக் காணோம். முதல் நாள் அது கேட்டது, 'பழைய பதிவின் மேலேயே எழுதவா' என்று. நான் சரி என்று அமுக்கியிருக்கிறேன்.

"நீ எதையுமே படிச்சுப் பாக்க மாட்டியா?" என்றார் இவர். கேலியாகத்தான் சொன்னார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 28

எழுதிவிடுகிறேன். ஃப்ளெக்ஸை அடிப்பதற்கு முன்னால் கடைக்காரர் அதன் படத்தை அனுப்பியது எனக்குத்தான். பந்திக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். திறந்துகூடப் பார்க்காமல் 'ஓகே அண்ணே' என்று போட்டுவிட்டேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. பதினைந்து மாதமாக ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. தம்பி மாமாவைத்தானே கோபிக்கிறான், என்னை இல்லையே என்று இருந்துவிட்டேன். சீ! நானெல்லாம் ஒரு அக்கா.

ஆகஸ்ட் 9, சனி

நிலவனிடமிருந்து மெசேஜ்.

'வாளப் பாக்காத. அவன் காலப் பாரு. கால் நகண்ட பெறகு வெட்டு.'

அவ்வளவுதான். பெட்டி அவன் பேரில் இருக்கிறது. யார் ஆடினாலும் அவன் போனில் காட்டுமாம். இருபது நாளாக நான் அந்த ஆற்றங்கரைச் சண்டையைத் தாண்டாமல் கிடப்பதை மலை மேல் இருந்தபடியே பார்த்திருக்கிறான்! அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. 'நீ ஆடி வச்சதெல்லாம் அழிச்சிட்டேன்டா' என்று போட்டேன்.

'தெரியும்' என்று வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவரிடம் ஃப்ளெக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடி சொன்னேன். இவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"கடைக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான்" என்றார்.

"தெரிஞ்சுமா இத்தன நாளு பழியச் சுமந்தீங்க?"

"உந்தம்பி எம்மேல கோவப்பட்டா நான் தாங்கிக்குவேன். உம்மேலன்னா நீ தாங்குவியா?"

எதையும் விற்கப் பார்க்கிற மனுஷன் என்றுதானே எழுதினேன். பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஜீப்பில் போனேன். போடிமெட்டுக்கு மேலே ஒரே மூட்டம். நிலவன் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தான். இளைத்துப்போயிருக்கிறான். தாடி வேறு.

தட்டை நீட்டுவதற்கு முன்னால் போனை நீட்டினேன். "மாமா செய்யலப்பு. நான்தான் பாக்காம ஓகே போட்டேன்" என்றேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கிறுக்கி" என்றான். "நீதான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நாலு வார்த்த வஞ்சுட்டு, பந்தியில உக்காந்து தின்னுட்டுல்ல போயிருப்பேன்! மாமாவ போடி பஸ்டாண்டுல மூணு தடவ பாத்தும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேனே. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால வந்து நிப்பேன்?"

தட்டை வாங்கவில்லை. ஸ்டோருக்குள் போய்விட்டான். தட்டை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24

ஒரு தகவலும் இல்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவருக்கு வேட்டி சட்டை எடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குலதெய்வக் கோயில். பாப்பாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். ஒன்றுவிட்ட மாமனும் சம்மணம் போட்டுவிட்டார். அப்போது ஜீப் வந்து நின்றது.

நிலவன் இறங்கினான். தாடியை எடுத்திருந்தான். என்னிடம் வரவில்லை, பாப்பாவிடமும் போகவில்லை. நேராக இவர் முன்னால் போய் நின்றான். இவரும் எழுந்து நின்றார். சனம் முழுக்கப் பார்க்கிறது. யாராவது ஒருத்தர் பேசித் தொலையுங்களேன் என்று இருந்தது.

"மாமா..." என்று அவன் குனியப் போனான். இவர் தோளைப் பிடித்துவிட்டார். "என்ன மாப்ளே, ஆசாரி எம்புட்டு நேரம் காத்திருப்பாரு? வெரசா உக்காரு" என்றார்.

உட்கார்ந்தான். ஒன்றுவிட்ட மாமன் சிரித்துக்கொண்டே இடம் விட்டு எழுந்தார். ஊசி இறங்கியபோது பாப்பா வீறிட்டாள். நிலவனின் புதுச் சட்டையைப் பிடித்து ஒரு பொத்தானைப் பிய்த்துவிட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நிலவன் இன்னும் மலையேறவில்லை. தனக்குக் காய்ச்சல் என்று எஸ்டேட்டில் சொல்லியிருக்கிறானாம். மத்தியானம் கறிக்குழம்பு வைத்தேன். உள்ளே டிவி முன்னால் மாமாவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். பாப்பா மாமன் மடியில்.

மூன்று தடவை கூப்பிட்டேன். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. நான் போட்டுச் சாப்பிட்டுவிட்டேன்.