வண்டி நம்பர் தெரிந்தவர்கள்

திருச்செங்கோடு,
10.2.2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போர்வெல் போடும் ரிக் லாரிச் சத்தத்தில் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், சுற்றி ஆறு பேர் இருப்பார்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று சந்தையில் உங்கள் டிரில்லர் வேல்முருகனின் மனைவி சித்ரா என் கையைப் பிடித்து, "மனச உட்றாதீங்கக்கா, அடுத்தது நல்லபடியா நிக்கும்ங்க" என்றாள். தக்காளிக்காரி முன்னால்! கரு கலைந்ததைப் போன மாதம் என் தங்கை யுவஸ்ரீயிடம் மட்டும்தான் சொன்னேன், நம் ஹாலில், கதவைச் சாத்திக்கொண்டு. உங்களிடம் நேரில் சொல்லி அழலாம் என்றிருந்தேன்.

எப்படித் தெரியும் என்றால், "அவரு உங்கூட்டுக் கேமராவுல பாத்தாருங்க" என்கிறாள், ஏதோ சீரியல் பார்த்ததுபோல. பாதுகாப்புக்கென்று நீங்கள் மாட்டிய, பேச்சும் கேட்கிற கேமரா! ஆப் இருப்பது கேம்பின் பொதுப் போனில். பாஸ்வேர்டோ லாரி நம்பர். வண்டியின் நாலு பக்கமும் பெயிண்டில் எழுதியிருப்பதை வீட்டுக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்வது? நான் நைட்டியில் தலை துவட்டுவதையும் ஆறு பேர் பார்த்தார்களா?

பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

சத்யபிரியா

ராய்ப்பூர்,
16.2.2025

அன்பு சத்யாவுக்கு,

கோபப்படாதே சாமி. என் போன் சேற்றில் விழுந்துவிட்டதால் பொதுப் போனில் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இனி எனக்கு மட்டும்தான் தெரியும். வேல்முருகனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மற்றபடி பசங்கள் எல்லாம் தம்பிகள் மாதிரி, தப்பாகப் பார்க்கிறவர்கள் இல்லை.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. நீ யுவஸ்ரீயிடம் சொல்லி அழுததை அன்றைக்கே நானும் பார்த்தேன், கேட்டேன். சாப்பாட்டு நேரம், எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். உன்னிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து கேமரா இருட்டாக இருக்கிறது. துணி போட்டிருந்தால் எடுத்துவிடு. உன் முகம் பார்க்காமல் எனக்கு வேலை ஓடவில்லை.

உன் தனபால்

வெண்ணந்தூர்,
22.2.2025

மாமாவுக்கு,

துணி போடவில்லை. ஏணி வைத்து நானே கழற்றிவிட்டேன்.

அன்றைக்கே பார்த்தீர்களா? அதற்கப்புறம் தினமும் போன் செய்து, "சாப்புட்டியா சாமி, தண்ணி வந்துச்சா" என்று கேட்டீர்கள். நானும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, வைத்ததும் அழுதேன். அதையும் பார்த்திருப்பீர்கள். லாரியை விட்டுப் பத்தடி தள்ளி வந்து, என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு ஒரு மாதத்தில் நேரமில்லை. ஆறு பேர் பார்த்ததில் எனக்கு வெட்கம். நீங்கள் பார்த்துக்கொண்டே சும்மா இருந்ததில் வயிறு எரிகிறது.

இனி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எனக்கு வேண்டாம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். என் முகம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டுங்கள். நான் திறந்தால் பாருங்கள்.

சத்யபிரியா